ரிஸ்க்: சொல் ஒன்று, பொருள் பல

 

நம் வீடுகளில் ‘ரிஸ்க்’ என்ற சொல் இரண்டு உண்டு. தொழுது முடித்துக் கையேந்தும் பெரியவர்கள் தங்கள் ரிஸ்க்கில் பரக்கத்தை வேண்டுகிறார்கள். அது அரபுச் சொல். அல்லாஹ் அளிக்கும் வாழ்வாதாரம் என்று பொருள். அதே வீட்டுப் பிள்ளைகள், ‘ரிஸ்க் எடுத்தாத்தான் காசு பார்க்க முடியும்’ என்கிறார்கள். அது ஆங்கிலச் சொல். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். பொருள் மட்டும் வெகு தூரம்.

இந்த இதழில் நாம் படிக்கப்போவது இரண்டாவது சொல்லைப் பற்றி. ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளுக்கு நம் இதழில் இத்தனை இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. கடனில் சிக்கிய குடும்பங்கள் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும்போது இந்தச் சொல்லும் கூடவே வருகிறது. ‘கொஞ்சம் ரிஸ்க் எடுத்தார்’ என்கிறார் ஒருவர். ‘ரிஸ்க்கே இல்லைன்னு சொன்னாங்க’ என்கிறார் இன்னொருவர். ‘ரிஸ்க்னு தெரியும், இருந்தாலும்...’ என்று பாதியில் நிறுத்துகிறார் மற்றொருவர். முதலாமவர் கடை வைத்து நட்டப்பட்டவர். இரண்டாமவர் மாதாமாதம் லாபம் தருவதாகச் சொன்னவர்களிடம் சேமிப்பைக் கொடுத்து ஏமாந்தவர். மூன்றாமவர் கைபேசிச் சூதாட்டத்தில் இழந்தவர்.

வியாபாரம், மோசடி, சூது. மூன்றும் மூன்று விதமான காரியங்கள். மூன்றையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது இந்த ஒரு சொல். போர்வையை விலக்கிப் பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

சொல் வந்த வழி

ரிஸ்க் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியத் துறைமுகங்களில் எழுதப்பட்ட பழைய கடல் வணிகப் பத்திரங்களில் இதன் பழைய வடிவம் காணப்படுகிறது. சரக்கேற்றிய கப்பல் புயலிலோ கொள்ளையிலோ சிக்கிக் கரை சேராமல் போனால் அந்த இழப்பு யாருடையது என்று எழுதும் இடத்தில் இந்தச் சொல் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடத்திலேயே இந்தச் சொல்லோடு ‘யாருடையது’ என்ற கேள்வியும் பிறந்திருக்கிறது. இன்று நாம் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டோம்.

இதன் மூல மொழி எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் என்பார் சிலர். கடற்பாறையைக் குறித்த கிரேக்கச் சொல் என்பார் சிலர். நாம் துஆவில் சொல்லும் அரபு ‘ரிஸ்க்’தான் கப்பலேறிப் போய் இப்படி ஆனது என்பார் வேறு சிலர். ஆகவே ‘இது நம் சொல்’ என்று மேடையில் முழங்க வேண்டியதில்லை.

அரபு வணிகர்கள் மத்தியதரைக் கடலில் விட்டுச் சென்ற சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் இருக்கின்றன என்பது மட்டும் உறுதி. சராசரி என்ற பொருளில் நாம் வழங்கும் ‘ஆவரேஜ்’ அவற்றில் ஒன்று. சேதமான சரக்கைக் குறித்த அரபுச் சொல் அதன் வேர். கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைக் கடலில் தள்ள நேர்ந்தால், அந்த இழப்பைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வது கடலோடிகளின் பழைய வழக்கம். அந்தப் பங்கீட்டுக்கு வழங்கிய சொல்லே பின்னாளில் சராசரிக்கும் ஆனது. மரக்கலமேறி வாணிபம் செய்த மூதாதையரைக் கொண்ட நம் கடற்கரை ஊர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

கிணறு சொல்லும் பாடம்

அகராதியைத் திறந்தால் ரிஸ்க்குக்கு அபாயம், ஆபத்து, இடர் என்று வரிசையாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இவற்றை ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் இவை ஒரே தெருவில் குடியிருக்கும் வேறு வேறு வீடுகள்.

சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு அபாயம். ஆங்கிலத்தில் இதை ஹஸார்ட் என்பார்கள். மின்கம்பத்தில் மண்டை ஓடு படத்தோடு ‘அபாயம்’ என்று எழுதியிருப்பது இந்தப் பொருளில்தான். கேடு அங்கே காத்திருக்கிறது. தொடாத வரையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அந்தக் கிணற்றுப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். இப்போதுதான் ரிஸ்க் பிறக்கிறது. யாரும் விழவில்லை, ஆனால் விழக்கூடும். காப்பீட்டு நூல்களில் இதை ‘இடர்’ என்றும் ‘இடர்ப்பாடு’ என்றும் எழுதுகிறார்கள்.

ஒரு பிள்ளை கால் தவறிவிட்டது. இது ஆபத்து. ஆங்கிலத்தில் டேஞ்சர். நம் வீடுகளில் பலாய், முஸீபத்து என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

கிணற்றை அகற்ற முடியாமல் போகலாம். சுவர் எழுப்பலாம், கம்பி வலை போடலாம், பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பலாம். அபாயம் அப்படியே இருக்க, ரிஸ்க்கைக் குறைத்துவிட்டோம். எரிவாயு சிலிண்டர் உள்ள சமையலறைக்கும் இந்தக் கணக்குதான், கடன் உள்ள குடும்பத்துக்கும் இந்தக் கணக்குதான்.

ரிஸ்க்கை அளக்க இரண்டு அளவுகோல் வேண்டும். கேடு நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்துவிட்டால் எவ்வளவு பாதிப்பு? பழக்கடையில் தினமும் கொஞ்சம் பழம் அழுகும். வாய்ப்பு அதிகம், பாதிப்பு குறைவு. வியாபாரி அதை விலையில் சேர்த்துத் தாங்கிக்கொள்வார். குடியிருக்கும் ஒரே வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதில் கெட்டது நடக்கும் வாய்ப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் நடந்துவிட்டால் குடும்பம் தெருவில் நிற்கும். ‘நூற்றுக்குத் தொண்ணூறு நல்லபடியாக முடியும்’ என்று சொல்பவர்கள் முதல் அளவுகோலை மட்டும் நீட்டுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

உறவுச் சொற்கள் சில

ஆங்கிலத்தில் ரிஸ்க்கின் சொந்தக்காரர்களாக வரும் சில சொற்களின் பழைய பொருளைப் பார்த்தால் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

டேஞ்சர்: இதன் வேர் ‘எசமான்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். முன்காலத்தில் ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவருடைய பிடியில் இருப்பது. கடன் கொடுத்தவரின் பிடியில் இருப்பதற்கும் அப்படியே சொன்னார்கள். கந்துவட்டிக்கு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரில்: இதன் வேருக்குச் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். அனுபவத்தைக் குறிக்கும் எக்ஸ்பீரியன்ஸ், பரிசோதனையைக் குறிக்கும் எக்ஸ்பெரிமென்ட் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். தமிழில் ‘விஷப் பரீட்சை’ என்கிறோம் அல்லவா, அதேதான்.

ஜெபர்டி: பழைய பிரெஞ்சில் இது சரிபாதியாகப் பிரிந்த ஆட்டம். வெற்றியோ தோல்வியோ எதுவும் வரலாம் என்ற நிலை. இதற்கு நேரான தமிழ், பணயம். ‘உயிரைப் பணயம் வைத்தான்’ என்று புகழ்ந்து பேசும்போதும் அந்தச் சொல்லின் வீடு சூதாட்டப் பலகை என்பதை மறக்கக் கூடாது.

ஹஸார்ட்: கிணற்று உதாரணத்தில் பார்த்த இதே சொல் இங்கிலாந்தில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயராகவும் இருந்தது. பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தது என்று பல அகராதிகள் கூறுகின்றன.

வென்ச்சர்: வரப்போவது என்பது இதன் வேர்ப்பொருள். தொழில் தொடங்குவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் துணிவு, முயற்சி. இதில் இகழ்ச்சி எதுவும் இல்லை.

துணிவு வேறு, சூது வேறு

நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டுசென்று ஷாம் நாட்டில் வாணிபம் செய்தார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நெடும் பாலைவனப் பயணம். வழிப்பறி உண்டு, சந்தை விலை இறங்கும். ரிஸ்க் இல்லாத தொழில் அல்ல அது. ஆனாலும் ஆகுமான தொழில். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் இந்தக் கூட்டு முறையை ஃபிக்ஹு நூல்கள் ‘முளாரபா’ என்கின்றன. லாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் பணத்தை இழப்பவர் முதல் போட்டவர், உழைப்பை இழப்பவர் உழைத்தவர். உழைத்தவரின் அலட்சியமோ மோசடியோ காரணமாக இருந்தால்தான் நட்டம் அவர் தலையில் விழும். இவ்வளவு தொகை லாபம் கட்டாயம் தருவேன் என்று முன்கூட்டியே நிர்ணயிக்க இதில் இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது ‘மைஸிர்’ என்னும் சூது. திருக்குர்ஆன் அதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. வியாபாரத்திலும் நட்டம் வருகிறதே, சூதிலும் நட்டம் வருகிறதே, என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லலாம். கடைக்காரர் நட்டப்பட்டாலும் அவர் விற்ற அரிசி ஒரு வீட்டில் சோறாகியிருக்கிறது. சூதில் ஒருவர் வெல்ல இன்னொருவர் தோற்றாக வேண்டும். அதில் எந்தப் பொருளும் விளையவில்லை, எந்தச் சேவையும் நடக்கவில்லை. வியாபாரத்தில் ரிஸ்க் வழியில் வருவது. சூதில் ரிஸ்க்தான் சரக்கே.

நாட்டின் சட்டமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ‘இது திறமை விளையாட்டு’ என்று விளம்பரம் சொன்னாலும் வீட்டில் போகும் பணம் போனதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான இடம் உண்டு. அதன் பெயர் ‘கரர்’. எதை வாங்குகிறோம், எப்போது கைக்கு வரும், வருமா வராதா என்று தெரியாமலே செய்யும் கொடுக்கல் வாங்கல். கடலில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விலை பேசுவதை ஃபிக்ஹு நூல்கள் இதற்கு உதாரணம் காட்டுகின்றன. ஏமாற்றம் என்ற பொருளும் அந்தச் சொல்லின் வேரில் இருக்கிறது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். இன்று பணத்தை எதில் போடுகிறார்கள் என்றே சொல்லாமல் நடக்கும் கைபேசி முதலீடுகள் பலவும் கடலில் நீந்தும் மீன்கள்தான்.

எடுப்பவர் ஒருவர், சுமப்பவர் ஒருவர்

‘நான் ரிஸ்க் எடுக்கிறேன்’ என்று சொல்லும்போது எழுவாய் ‘நான்’. ஆனால் இழப்பு வரும்போது எழுவாய் மாறிவிடுகிறது. வீட்டுத் தலைவர் ரிஸ்க் எடுக்கிறார், அடகுக் கடையில் இருப்பது மனைவியின் நகை. மகன் ரிஸ்க் எடுக்கிறார், பத்திரத்தில் இருப்பது தாயின் கையெழுத்து. மஹரும் தாய்வீட்டுச் சீரும் பெண்ணின் சொந்த உடைமை. அவள் மனமார இசையாமல் அதை எடுத்துத் தொழிலில் போடுவதற்குத் துணிவு என்று பெயரில்லை. பிறர் பொருளைப் பணயம் வைப்பது என்பதே சரி.

இங்கே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வோம். ‘ஜாமீன்’ என்று நாம் தினமும் சொல்வது அரபுச் சொல். ‘ளாமின்’ என்பது பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து ஜாமீன் ஆயிற்று. பொறுப்பேற்பவர் என்று பொருள். பொறுப்பு ‘ளமான்’. இழப்புக்கு யார் பொறுப்போ அவருக்கே ஆதாயத்திலும் உரிமை என்பது நபிமொழியில் வந்து ஃபிக்ஹில் ஊன்றி நிற்கும் ஒரு விதி. இந்த ஒரு விதியை வைத்தே பெரும்பாலான மோசடிகளைக் கண்டுகொள்ளலாம். நட்டத்தில் பங்கில்லை, லாபம் மட்டும் மாதாமாதம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பணம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? பல இடங்களில் புதிதாகச் சேருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு ‘லாபம்’ என்று கொடுக்கிறார்கள். புதியவர் வரவு நிற்கும் நாளில் எல்லாம் நின்றுவிடும். இதற்கு ‘ஹலால் முதலீடு’ என்று பெயர் வைத்துப் பள்ளிவாசல் வாசலில் நோட்டீஸ் கொடுத்தாலும் கணக்கு மாறாது.

அடுத்தது, ஜாமீன் கையெழுத்து. ‘சும்மா ஒரு கையெழுத்துதானே, ரிஸ்க் ஒன்றும் இல்லை’ என்பது நம் ஊர்களில் அதிகம் சொல்லப்படும் பொய்களில் ஒன்று. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. முதலில் கடனாளியைத் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1968இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

மார்க்கமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்க முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்று புகாரி நூலில் பதிவாகியிருக்கிறது. பொறுப்பேற்பது உயர்ந்த நன்மை என்பதற்கும் இது சான்று. அதன் கனத்துக்கும் இது சான்று. கட்ட முடிந்தவர், கட்ட நேரும் என்று அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

தவக்குல் என்ற பெயரில்

‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லி விசாரிக்காமல் இறங்குபவர்களும் நம்மிடையே உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதாகத் திர்மிதி நூலில் வருகிறது. கட்டுவது நம் வேலை. கட்டிய பின் நடப்பது நம் கையில் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டுச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று விளக்கம் தந்தார்கள். தெரிந்த கேட்டைத் தவிர்ப்பது ஈமானுக்குக் குறைவல்ல. தெரிந்தே போய் விழுவதற்கு நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: முஸீபத்தை விலை கொடுத்து வாங்குவது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. இங்கே ரிஸ்க் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? தொழில் நட்டமா, சூதா, ஏமாற்றா? அந்தச் சொல்லை நீக்கிவிட்டு அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘உங்கள் நகை திரும்பி வராமல் போகலாம்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் எத்தனை பேர் சம்மதிப்போம்?

2. இழப்பு வந்தால் யாருடையது? எழுத்தில் இருக்கிறதா?

3. கெட்டது நடந்தால் நம் குடும்பம் தாங்குமா? குடியிருக்கும் வீடு, பிள்ளையின் படிப்புப் பணம், மருத்துவப் பணம் ஆகியவற்றைத் தொடாமல் செய்ய முடியுமா?

4. சீட்டு என்றால், 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா? பணம் திரட்டுபவர் என்றால், எந்தச் சட்டப்படி அனுமதி பெற்றவர்? அனுமதியற்ற வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆளைத் தெரியும் என்பது அனுமதி ஆகாது.

5. வெளிநாட்டு வேலை என்றால், கையில் தருவது வேலை விசாவா, சுற்றுலா விசாவா? ‘போய் இறங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம், ரிஸ்க் இல்லை’ என்பவர் விமானம் ஏறப் போவதில்லை. ஏறப் போவது நம் பிள்ளை.

6. கைபேசி வழியாக ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இவற்றை வீட்டில் பெண்களும் இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். முடிவு எடுப்பவரும் சுமை சுமப்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினாலே பாதி முஸீபத்து விலகிவிடும்.

கடன் பத்திரமோ ஜாமீன் பத்திரமோ எதுவானாலும், கையெழுத்திடும் முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் வரிக்கு வரி தமிழில் வாசித்துச் சொல்கிறோம். விஷயம் வெளியே போகாது. கையெழுத்திட்ட பின் வரும் மனுவைவிட, முன்னால் வரும் ஒரு கேள்விக்கு எங்களால் அதிகம் உதவ முடியும்.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்க்கையும் ஹலாலானதாக, பரக்கத் நிறைந்ததாக ஆக்குவானாக. ஆமீன்.